கோத்தகிரியிலிருந்து பிரிட்டனுக்கு: துணைவர் விசாவும் காத்திருக்கும் காலமும்

எங்கள் திருமணம் 2024 ஆவணியில் கோத்தகிரியில் நடந்தது. நான் விமானம் ஏறியது 2025 டிசம்பரில். இடையில் பதினைந்து மாதங்கள். விசா கைக்கு வந்த பிறகு ஒரு நாள் நாட்காட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கோப்பு விசா அதிகாரிகளிடம் இருந்தது பதினொரு வாரங்கள்தான். மீதி ஓராண்டுக்கும் மேலான காலம், நான் தாள்களை முன்பின்னாகச் சேர்த்ததாலும் தவறான ஆலோசனையைக் கேட்டதாலும் கரைந்து போனது. ஊரில் பார்ப்பவர்கள் எல்லோரும் "இன்னும் போகவில்லையா?" என்று கேட்ட அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் ஆயுள் உண்டு. திருமணச் சான்றிதழ் காலாவதி ஆகாது. ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகள் செல்லும். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதங்கள். வங்கி அறிக்கையோ விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆயுள் நீண்டதை முதலில் எடுங்கள், குறுகியதைக் கடைசியில் எடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

இதில் உள்ள கட்டணங்களும் விதிகளும் நான் விண்ணப்பித்த 2025ஆம் ஆண்டுக்குரியவை. பணம் கட்டும் நாளன்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு உரியது எந்த விசா?

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் 'ஸ்பவுஸ் விசா' என்றே சொல்கிறார்கள். உண்மையில் இரண்டு வகை இருக்கிறது.

கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால், அல்லது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை (நம்மவர்கள் 'பி.ஆர்.' என்பது) பெற்றிருந்தால், நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது குடும்ப விசா. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. என் கணவர் கூடலூர்க்காரர், அங்கே மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்து பி.ஆர். பெற்றவர்.

உங்கள் கணவரோ மனைவியோ இன்னும் வேலை விசாவில்தான் இருக்கிறார் என்றால் உங்களுக்கு உரியது டிபெண்டன்ட் விசா. அதன் கட்டணம் வேறு, வருமான விதி வேறு, முடிவும் பெரும்பாலும் மூன்று வாரங்களில் வந்துவிடும். ஆனால் பராமரிப்புப் பணியாளர் விசாவில் இருப்பவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே அந்த விசாவில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. செவிலியர்களுக்கு இந்தத் தடை இல்லை. 'கேர்' வேலையில் இருக்கும் மாப்பிள்ளை "வந்ததும் அழைத்துக்கொள்வேன்" என்று சொன்னால், பெண் வீட்டார் நிச்சயத்துக்கு முன்பே அவர் எந்த விசாவில், எந்தத் தேதியில் போனார் என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் தவறே இல்லை.

2. அவர் திரும்பிப் போவதற்கு முன்பே திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்

என்னுடைய முதல் நான்கு மாதங்கள் இங்கேதான் போயின. திருமணம் முடிந்த பன்னிரண்டாவது நாள் அவர் புறப்பட்டார். விருந்து, மறுவீடு, உறவினர் வீடுகள் என்று நாட்கள் ஓடிவிட்டன. பதிவை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம். பதிவுக்கு இருவரும் நேரில் வர வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. ஆக 150 நாட்கள். பொங்கலுக்கு அவர் மறுபடி விடுப்பு எடுத்து, டிக்கெட்டுக்குச் செலவழித்து வந்ததால் அந்தக் கெடுவுக்குள் முடிந்தது.

திருமணம் நடந்த இடம் எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லைக்குள் வருகிறதோ அங்கே போங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் முன்பே விவரங்களை நிரப்பி, நேரம் வாங்கிக்கொள்ளலாம். அழைப்பிதழ், மண்டபம் அல்லது கோயில் ரசீது, திருமணப் படம், இருவரின் வயதுச் சான்றும் முகவரிச் சான்றும், அடையாள அட்டையுடன் சாட்சிகள் இவை தேவை. திருமண வாரத்திலேயே ஒரு வேலை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். மறுவீட்டு விருந்தை ஒரு நாள் தள்ளி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சான்றிதழ் அச்சாவதற்கு முன் திரையில் காட்டுவார்கள். ஒவ்வோர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. பெயர், இனிஷியல், ஊர்ப்பெயர்

மலைக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. என் பிறப்புச் சான்றிதழில் பிறந்த ஊர் 'ஊட்டகமண்ட்', பள்ளிச் சான்றிதழில் 'ஊட்டி', பாஸ்போர்ட்டில் 'உதகமண்டலம்'. கோத்தகிரிக்கே ஆங்கிலத்தில் இரண்டு விதமான எழுத்துக்கூட்டல் புழங்குகிறது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குக் கதவு எண்ணோ தெருப்பெயரோ இருக்காது. ஊர்ப்பெயர் வேறுபாட்டுக்காக நான் எதையும் திருத்தவில்லை. மூன்றும் ஒரே ஊர் என்று விண்ணப்பத்தோடு இணைத்த கடிதத்தில் இரண்டு வரி எழுதினேன், அது போதுமானதாக இருந்தது.

பெயர் விஷயம் அப்படியல்ல. திருமணம் ஆனதும் அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவரின் இனிஷியலைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. விசா கையில் வரும்வரை அதைச் செய்யாதீர்கள். ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுத வேண்டி வரும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை உள்ளபடியே எழுதுங்கள். வேறு தாள்களில் வேறு வடிவம் இருந்தால், 'வேறு பெயர்கள்' கேட்கும் இடத்தில் அதையும் குறிப்பிடுங்கள்.

கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்த்தால்தான் விசா கிடைக்கும் என்று ஓர் ஏஜென்ட் என்னிடம் உறுதியாகச் சொன்னார். அதை நம்பிப் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துக் கோயம்புத்தூருக்கு இரண்டு முறை போய்வந்தேன். பிரிட்டன் விசாவுக்கு அது தேவையே இல்லை. திருமணச் சான்றிதழ்தான் சான்று.

4. ஆங்கிலத் தேர்வு

முதல் விசாவுக்கு வேண்டியது ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும். பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது இவ்வளவுதான். தேர்வு அரை மணி நேரம்கூட நடக்காது. பயப்பட ஒன்றுமில்லை.

பொறி இருப்பது தேர்வின் பெயரில். நான் முதலில் எழுதியது மாணவர்கள் எழுதும் சாதாரண ஐஈஎல்டிஎஸ். நல்ல மதிப்பெண் வாங்கினேன், ஆனாலும் அது செல்லாது. பிரிட்டன் உள்துறை ஏற்றுக்கொண்ட 'பாதுகாப்பான ஆங்கிலத் தேர்வு'ப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 அப்படிப்பட்டது, பியர்சன் நடத்தும் பிடிஈ ஹோம் ஏ1 இன்னொன்று. இரண்டாவது முறை பணம் கட்டி லைஃப் ஸ்கில்ஸ் எழுதினேன்.

"நான் ஆங்கில வழியில் பட்டம் படித்தவள், எனக்குத் தேர்வு எதற்கு?" என்று கேட்கலாம். விலக்கு உண்டு. ஆனால் கல்லூரி தரும் கடிதம் மட்டும் போதாது. பட்டம் பிரிட்டன் பட்டத்துக்கு நிகரானது, ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்று 'எக்டிஸ்' என்ற அமைப்பிடம் கட்டணம் கட்டிச் சான்று வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் கடிதத்துக்காக அலைவதைவிடத் தேர்வு எழுதுவது எளிது என்பது என் எண்ணம்.

5. அங்கே இருப்பவரின் வருமானம்

2024 ஏப்ரல் 11 முதல் முதன்முறையாக விண்ணப்பிப்பவர்களுக்கு, அங்கே இருப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஆறு மாதங்களுக்கு மேல் வேலையில் இருந்தால் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அதே ஆறு மாதங்களுக்கான வங்கி அறிக்கை, நிறுவனத்தின் கடிதம் இவை தேவை. சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகையாக எது இருக்கிறதோ அதே தொகை வங்கியில் வரவாகியிருக்க வேண்டும். நடுவில் வங்கியை மாற்றியிருந்தால் இரண்டு வங்கிகளின் அறிக்கையும் வேண்டும்.

வேலையை மாற்றி ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கடந்த பன்னிரண்டு மாதச் சம்பாத்தியத்தையும் சேர்த்துப் பார்க்கும் வேறு கணக்கு இருக்கிறது, தாள்களும் கூடும். எனவே விண்ணப்பிக்கும் ஆண்டில் வேலை மாறுவதைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இங்கே நீங்கள் வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. அப்பாவின் தேயிலைத் தோட்டமும் வராது. தோட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்று, பட்டா, சிட்டா, ஆடிட்டர் கடிதம் என்று ஏஜென்ட் கேட்டதையெல்லாம் அப்பா முழங்கால் வலியோடு அலைந்து வாங்கி வந்தார். ஒன்றுகூடப் பயன்படவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். சேமிப்பு என்றால் ரொக்கச் சேமிப்பு மட்டும். வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு, ஆறு மாதங்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

வீட்டைப் பற்றி ஒரு சொல். அவர் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் பயம் வேண்டாம். உங்கள் இருவருக்கும் மட்டும் என்று ஓர் அறை இருந்து, வீட்டில் அளவுக்கு மீறிய நெரிசல் இல்லாமல் இருந்தால் போதும். வாடகை ஒப்பந்தமும், நீங்கள் வந்து தங்குவதற்குச் சம்மதம் என்று வீட்டு உரிமையாளர் தரும் கடிதமும் வையுங்கள்.

6. காசநோய்ப் பரிசோதனை: இதைப் பொறுமையாகப் படியுங்கள்

இந்தியாவிலிருந்து ஆறு மாதங்களுக்கு மேல் தங்கப் போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதுவும் பிரிட்டன் அங்கீகரித்த மருத்துவமனைகளில் மட்டும். வேறு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்-ரேயைக் கொண்டு போய்க் கொடுக்க முடியாது. பட்டியலைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். நான் சென்னைக்குப் போனேன். பெரும்பாலோருக்கு நெஞ்சு எக்ஸ்-ரேயோடு வேலை முடிந்து, சில நாட்களில் சான்றிதழ் வந்துவிடும்.

எனக்கு அப்படி முடியவில்லை. ஏழு வயதில் எனக்கு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' (சிறுவயதில் வரும் காசநோய்) என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்திருந்தார்கள். நம் ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் எல்லோரும் அதை மறந்தே போயிருந்தோம். எக்ஸ்-ரேயில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. உடனே சளிப் பரிசோதனை என்றார்கள். தொடர்ந்து மூன்று நாள் காலையில் சளி மாதிரி கொடுக்க வேண்டும். அதை வளர்ப்பு ஊடகத்தில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க எட்டு வாரங்கள் வரை ஆகும். அந்தக் கிருமி மெதுவாக வளரக்கூடியது, அதனால் யார் சிபாரிசு செய்தாலும் அந்த எட்டு வாரம் குறையாது. ஒரு நாள் வேலை என்று நினைத்து மாற்றுத்துணிகூட இல்லாமல் போயிருந்தேன். ஆவடியில் சித்தி வீட்டில் தங்கி மூன்று நாளும் விடியற்காலையில் கிளம்பினேன். ஜூனில் கொடுத்த மாதிரிக்கு ஆகஸ்டில் 'கிருமி இல்லை' என்று முடிவு வந்தது. அந்த எட்டு வாரமும் அம்மா சரியாகத் தூங்கவில்லை.

அதனால் சொல்கிறேன். சிறுவயதில் உங்களுக்குக் காசநோய் மருந்து கொடுத்தார்களா என்று அம்மாவிடம் இன்றே கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு மூன்று, நான்கு வாரங்கள் முன் பரிசோதனைக்குப் போனால் போதும். ஆம் என்றால் மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்-ரே எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்-ரே எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது.

7. பணம்

2025இல் நான் விண்ணப்பித்தபோது விசாக் கட்டணம் 1,938 பவுண்டாக இருந்தது. அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே கட்டும் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் முதல் விசாவுக்கு 3,105 பவுண்டு. இரண்டும் சேர்த்து 5,043. நாங்கள் கட்டியபோது ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாய். இதை ஒரே நேரத்தில் கட்ட வேண்டும், எனவே அட்டையின் வரம்பை முந்தைய நாளே வங்கியில் பேசி உயர்த்தி வையுங்கள். விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது.

இவை தவிர காசநோய்ப் பரிசோதனை, தேர்வு, மொழிபெயர்ப்பு, சென்னைப் பயணங்கள். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சரியான மொழிபெயர்ப்புதான் என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் முன்னுரிமைச் சேவை கிடைக்கும். 30 வேலை நாட்களில் முடிவு என்பது அதன் இலக்கு. அது இலக்கே தவிர உறுதிமொழி கிடையாது. நான் கட்டவில்லை. பிரசவம் போன்ற காரணம் இருந்தால் கட்டலாம். இதைத் தவிர வேறு யாருக்குப் பணம் கொடுத்தாலும் கோப்பு ஒரு நாள்கூட முன்னே நகராது.

8. விண்ணப்பமும் கைரேகையும்

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, பணம் கட்டி, விசா விண்ணப்ப மையத்தில் நாள் வாங்க வேண்டும். தாள்களை நீங்களே பதிவேற்றினால் கட்டணம் இல்லை, மையத்தில் வருடித் (ஸ்கேன் செய்து) தரச் சொன்னால் கட்டணம் உண்டு. மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரமும் சிக்னலும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எனவே கடைசி இரவுக்கு வைத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் முன்பே பதிவேற்றத் தொடங்குங்கள். ஈரத்துக்குப் பயந்து சான்றிதழ்களை லேமினேட் செய்திருந்தால், வருடும்போது வெளிச்சம் பட்டு எழுத்து மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவுக்கான சான்றாக நூற்றுக்கணக்கான படங்களைக் கொட்ட வேண்டாம். திருமணத்தில் சில, அவர் பொங்கலுக்கு வந்தபோது சில, இரு குடும்பத்தாரோடு சில என்று இருபது படங்கள் போதும். மாதத்துக்கு ஓரிரு பக்கம் உரையாடல், அவர் அனுப்பிய பணத்தின் ரசீதுகள், அவருடைய விமான டிக்கெட்டுகள் இவற்றையும் சேர்த்தேன்.

கைரேகைக்குப் போகும் முன் விரல்களைப் பாருங்கள். மருதாணி வேண்டாம். கொழுந்து பறிப்பவர்களுக்கு விரல் நுனி கறுத்து, வெடித்து, ரேகை தேய்ந்திருக்கும். இரண்டு வாரம் முன்பே பறிப்பதை நிறுத்தி, இரவில் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் தோல் மிருதுவாகும். நான் அப்படித்தான் செய்தேன், ஒரே முறையில் ரேகை பதிந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிச் சாலையில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும், குன்னூர், பர்லியார் வழியாகச் சுற்ற வேண்டும், சில நாள் அதுவும் அடைபடும். அந்த மாதங்களில் நாள் கிடைத்தால் முந்தின நாளே மலையை விட்டு இறங்கிவிடுங்கள்.

9. காத்திருக்கும் வாரங்கள்

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலம் 12 வாரங்கள். அதைக் கைரேகை கொடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள், பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. எனக்கு ஆகஸ்ட் கடைசியில் கைரேகை, நவம்பர் நடுவில் முடிவு.

இந்த வாரங்களில் வேலையை விடாதீர்கள், டிக்கெட் எடுக்காதீர்கள். மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், குப்பை அஞ்சல் பெட்டியையும் சேர்த்து. கூடுதல் தாள் கேட்டால் கெடு கொடுப்பார்கள். இருவரில் ஒருவராவது உடனே பதில் அனுப்பும் நிலையில் இருங்கள். ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தாலும் உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். அவருடைய முகவரியைக் கொடுத்துவிட்டு, அவர் தொலைபேசியை எடுக்காத நாட்களில் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

மறுப்பு வந்தால் காரணம் எழுத்தில் வரும். இங்கிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாட்கள் உண்டு. தாள் விடுபட்டதுதான் காரணம் என்றால் மேல்முறையீட்டைவிடப் புதிய விண்ணப்பம் விரைவாக முடியலாம். எது ஏற்றது என்பதை பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

10. பாஸ்போர்ட் திரும்பி வந்ததும்

உறையைப் பிரித்ததும் மகிழ்ச்சியில் மூடி வைத்துவிடாமல் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் சரிபாருங்கள். எனக்கு ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் 90 நாட்களுக்கானது, அதற்குள் பிரிட்டனில் நுழைய வேண்டும். முழு 33 மாத அனுமதி மின்விசாவாக இணையக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கை இங்கிருந்தே திறந்து, விவரங்கள் சரியா என்று பார்த்த பிறகுதான் டிக்கெட் எடுத்தேன்.

காசநோய்ச் சான்றிதழின் அசல், திருமணச் சான்றிதழ், விசாக் கடிதம் மூன்றையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால், குடிவரவு அதிகாரி கேட்கும்போது எடுத்துக் காட்ட முடியாது.